சாயம் படிந்த விரல்கள்

மதிய உணவின்போது குழம்பு சிந்திவிட்டால் நம் வெள்ளைச் சீருடையில் மஞ்சள் கறை பிடித்துக்கொள்கிறது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அது போவதில்லை. அதே குழம்பு எவர்சில்வர் தட்டில் பட்டால் ஒரு முறை கழுவியதுமே போய்விடுகிறது. மஞ்சள் என்னவோ ஒன்றுதான். ஆயினும் அது துணியைப் பற்றிக்கொள்கிறது, தட்டை விட்டுவிடுகிறது. இது ஏன் என்று நாம் யோசிப்பதில்லை. இந்தச் சாதாரணச் செய்தியையே வாழ்நாள் முழுவதும் யோசித்து, அதிலிருந்து உயிர் காக்கும் மருந்துகளைக் கண்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஜெர்மானிய மருத்துவ மேதை பால் எர்லிக்.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அறுவை சிகிச்சை முடிந்தபின், மூன்று வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸ் மூலம் ஒரு மருந்து ஏற்றினார்கள். நாள்தோறும் விழுங்க ஒரு சிறு மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரே நோய்க்கு ஏன் இரண்டு விதமான மருந்து என்று மருத்துவரான ஓர் அருட்சகோதரியிடம் கேட்டேன். டிரிப்ஸில் ஏறுவது உடலின் காவற்படைக்குப் புற்றை அடையாளம் காட்டும் மருந்து என்றும், மாத்திரையோ புற்றுக்குத் தீனி கிடைக்காதபடி ஒரு நொதியை முடக்குவது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். இந்த இரண்டு வழிகளிலும் முதலில் நடந்தவர்களுள் எர்லிக் ஒருவர் என்றும் சொன்னார். அன்று முதல் அந்தப் பெரியாரைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இளமையும் கல்வியும்

பால் எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், அந்நாளில் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்திருந்த ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. தந்தை இஸ்மார் எர்லிக், ஊரில் விடுதி நடத்தி வந்தார். தாயின் பெயர் ரோசா. அவர்கள் யூத சமயத்தைச் சேர்ந்தவர்கள். அருகிலிருந்த பெருநகரமான பிரெஸ்லாவில், புனித மரிய மதலேனாளின் பெயர் தாங்கிய பள்ளியில் எர்லிக் பயின்றார்.

அவருடைய தாய்வழி உறவினர் கார்ல் வைகெர்ட் என்பவர் ஒரு மருத்துவ ஆய்வாளர். அக்காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்து விதவிதமான செயற்கைச் சாயங்களைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். துணிக்கென்று வந்த அந்த அனிலின் சாயங்களைக் கொண்டு நுண்ணுயிர்களுக்கு நிறம் ஏற்றி, உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்க்கும் கலையில் வைகெர்ட் முன்னோடி. அவரிடமிருந்துதான் சாயத்தின் மேல் எர்லிக்குக்குத் தீராத பற்று உண்டாயிற்று.

பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் அவர் மருத்துவம் பயின்றார். மற்ற மாணவர்கள் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருக்க, எர்லிக்கின் மேசை மட்டும் சிவப்பும் நீலமும் ஊதாவுமாகக் கறை படிந்து கிடக்கும். அவருடைய விரல்களும் அப்படியே. 1878ஆம் ஆண்டு லைப்சிக்கில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். அதற்காக அவர் எழுதிய ஆய்வும் சாயம் ஏற்றுவதைப் பற்றியதே.

சாயம் சொன்ன செய்திகள்

பட்டம் பெற்றபின் பெர்லின் நகரின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையில் பணியில் அமர்ந்தார். அங்கே இரத்தத் துளிகளைக் கண்ணாடியில் தடவி, அவற்றுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார். வெறும் வெள்ளையணுக்கள் என்று எண்ணியிருந்தவற்றுள் பல வகைகள் இருப்பது புலனாயிற்று. ஒரு வகை சிவப்புச் சாயத்தைப் பற்றியது; இன்னொரு வகை நீலத்தைப் பற்றியது. இன்று நம் ஊர்ப் பரிசோதனை நிலையங்களில் வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணிச் சொல்கிறார்களே, அதற்கு அடிப்படை அன்று எர்லிக் இட்டதுதான். பெரியம்மாவுக்கு மருந்து ஏற்றும் முன்பெல்லாம் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சீட்டைக் காணும்போது எனக்கு எர்லிக்கின் நினைவு வரும்.

1882ஆம் ஆண்டு ராபர்ட் கோக் என்னும் பேரறிஞர், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்தக் கூட்டத்தில் எர்லிக்கும் இருந்தார். உடனே தம் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, அக்கிருமியை இன்னும் எளிதாகவும் தெளிவாகவும் காட்டும் சாய முறையை உருவாக்கினார். அடுத்த ஆண்டு ஹெட்விக் பிங்குஸ் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! 1888ஆம் ஆண்டு எர்லிக்குக்கு ஓயாத இருமல் கண்டது. அவர் அதை மறைக்கவில்லை. நாள் கடத்தவும் இல்லை. தம் சளியைத் தாமே எடுத்து, தாம் கண்ட சாயத்தை ஏற்றி, உருப்பெருக்கியில் பார்த்தார். காசநோய்க் கிருமிகள் நிறம் பெற்றுக் கண்ணெதிரே நின்றன. உடனே மனைவியுடன் எகிப்து நாட்டுக்குச் சென்று, அந்த உலர்ந்த வெப்பக் காற்றில் தங்கி ஓய்வெடுத்தார். நலம் பெற்று 1889இல் நாடு திரும்பினார்.

முதல் வழி: உடலின் காவற்படை

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோயால் பிள்ளைகள் மூச்சுத் திணறி மாண்டார்கள். அந்த நோயின் நஞ்சைச் சிறிது சிறிதாக விலங்குகளுக்குச் செலுத்தினால், அவற்றின் இரத்தத்தில் ஒரு மாற்றுப் பொருள் உண்டாகிறது என்று எமில் பெரிங் என்பவர் கண்டார். ஆனால் ஒரு குப்பியின் மருந்து குணம் தரும். அடுத்த குப்பி பயன்படாது போகும். எர்லிக் அம்மருந்தின் வலிமையை அளக்கும் முறையை வகுத்துத் தந்தார். எந்தக் குப்பியை எடுத்தாலும் அதில் எவ்வளவு வலிமை உண்டு என்று மருத்துவர் அறிந்துகொள்ள முடிந்தது. அதன் பிறகே அம்மருந்து நம்பிக்கைக்கு உரியதாயிற்று. 1901ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான முதல் நோபெல் பரிசு பெரிங்குக்குக் கிடைத்தது. எர்லிக்கின் பெயர் அதில் இல்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை.

அவர் மனத்தைக் குடைந்தது வேறொரு கேள்வி. இரத்தத்தில் தோன்றும் அந்த எதிர்ப்பொருள், ஆயிரம் பொருள்களுக்கு நடுவே தன் பகையை மட்டும் எப்படி அடையாளம் காண்கிறது? 1897இல் அவர் ஒரு விடை சொன்னார். ஒவ்வொரு செல்லின் மேலும் சிறு சிறு கைகளைப் போன்ற உறுப்புகள் உள்ளன. பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல், ஒரு கைக்கு ஒரு நஞ்சு பொருந்துகிறது. நஞ்சு பற்றிக்கொண்டால், உடல் அத்தகைய கைகளை மேலும் மேலும் செய்து இரத்தத்தில் விடுகிறது. அவையே எதிர்ப்பொருள்கள் என்றார். அவர் சொன்னவற்றுள் சில பகுதிகள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் பொருந்தும் இடம் ஒன்று உண்டு என்னும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய பணிக்காக 1908ஆம் ஆண்டு, ரஷ்யப் பேரரசில் பிறந்த மெச்னிகாவுடன் சேர்த்து, எர்லிக்குக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

எலிகளும் மார்பகக் கட்டியும்

எர்லிக்கின் வாழ்க்கை வரலாற்றில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. எனக்கோ அதுவே முக்கியமாகப்பட்டது. பிராங்க்பர்ட் நகரில் அவர் தலைமை வகித்த நிலையத்தில், 1900க்குப் பின் சில ஆண்டுகள் புற்றுநோயை ஆராய்ந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டவை பெண் சுண்டெலிகளின் மார்பகக் கட்டிகள். ஒரு சுண்டெலியின் கட்டியிலிருந்து சிறிது எடுத்து இன்னொரு சுண்டெலிக்குள் வைப்பார். சில கட்டிகள் வேகமாக வளர்ந்தன. சில வளரவே இல்லை. வலுவற்ற கட்டியை முதலில் ஏற்ற சுண்டெலிகளில் பல, பின்னால் வைத்த கொடிய கட்டியை வளரவிடாமல் தடுத்துவிட்டன.

அப்படியானால் டிப்தீரியாவைத் தடுத்ததுபோலப் புற்றையும் தடுக்கலாமே என்று அவர் ஆசை கொண்டார். 1909இல் ஒரு துணிவான கருத்தையும் வெளியிட்டார். மனித உடலில் புற்றுச் செல்கள் அடிக்கடி தோன்றக்கூடும்; நம் உடலின் காவல்தான் அவற்றை அவ்வப்போது அடக்கிவிடுகிறது; அந்தக் காவல் இல்லையேல் புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படும் என்பது அதன் சாரம்.

ஆனால் சுண்டெலியில் கண்டதை மனிதருக்குக் கொண்டுவர அவரால் முடியவில்லை. ஒரு விலங்கின் உறுப்பை மற்றொன்றின் உடல் அயலானது என்று தள்ளிவிடும் இயல்பே அந்தச் சோதனைகளில் பெரும்பங்கு வகித்தது என்று பிற்கால அறிஞர்கள் கண்டார்கள். மார்பகக் கட்டியால் துன்புற்ற ஒரு பெண்ணையும் எர்லிக்கால் காப்பாற்ற முடியவில்லை. தோல்வி என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வழி: குறி தவறாத தோட்டா

உடலின் காவலால் வெல்ல முடியாத நோய்களும் உண்டு என்பதை எர்லிக் உணர்ந்தார். அவற்றுக்கு வெளியிலிருந்து ஒரு மருந்து வேண்டும். சாயம் ஒரு செல்லைப் பற்றி மற்றதை விட்டுவிடுவதுபோல, கிருமியை மட்டும் பற்றிக் கொன்று, உடலை ஒன்றும் செய்யாமல் விடும் இரசாயனப் பொருள் கிடைக்காதா என்று ஏங்கினார். இதையே மந்திரத் தோட்டா என்னும் பெயரால் உலகம் இன்றும் அறியும். 1891இலேயே மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை மலேரியா நோயாளிகள் இருவருக்குக் கொடுத்துப் பயன் கண்டிருந்தார்.

இம்முயற்சிக்குப் பொருள் உதவி ஒரு பெண்மணியிடமிருந்து வந்தது. பிரான்சிஸ்கா ஸ்பையர் என்னும் அம்மையார், மறைந்த தம் கணவரின் நினைவாக ஓர் ஆய்வு இல்லத்தை நிறுவினார். 1906இல் அது திறக்கப்பட்டது. அங்கே ஆர்செனிக் என்னும் பாஷாணத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து பார்த்தார்கள். எர்லிக் எந்நேரமும் சுருட்டுப் பெட்டியும் கையுமாக அலைவார். அன்றன்றைக்குச் செய்ய வேண்டியவற்றை வண்ணச் சீட்டுகளில் எழுதி உதவியாளர்களுக்குக் கொடுப்பார்.

606 என்று எண்ணிட்ட சேர்மம், பயனற்றது என்று முதலில் ஒதுக்கி வைக்கப்பட்டது. 1909இல் ஜப்பானிலிருந்து சஹாச்சிரோ ஹாடா என்னும் இளம் அறிஞர் வந்தார். அலுப்புச் சலிப்பில்லாத உழைப்பாளி. ஒதுக்கியவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் மீண்டும் சோதிக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. அந்த 606ஆம் சேர்மமே, தலைமுறை தலைமுறையாக மனித குலத்தை அழித்துவந்த மேகநோயின் கிருமியை முயல்களின் உடலில் கொன்றது! 1910இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. விற்பனைக்கு வருமுன் ஏறத்தாழ 65,000 குப்பிகளை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பி, பலன்களைக் கேட்டு எழுதி வைத்தார்கள். பின்னர் சால்வர்சான் என்னும் பெயரில் அது விற்கப்பட்டது. ஆர்செனிக், புரதங்களில் கந்தகம் உள்ள இடத்தைப் பற்றிக்கொண்டு நொதிகளை முடக்க வல்லது என்பது பின்னாளில் தெரியவந்தது.

அவதூறும் மறைவும்

மருந்து முழுமையானது அன்று. ஊசி போடுவது கடினம். சிலருக்குக் கடும் பின்விளைவுகள் உண்டாயின. சிலர் இறந்தும் போனார்கள். எர்லிக் ஒவ்வொரு செய்தியையும் கேட்டு வருந்தினார். 1912இல் இன்னும் எளிதான 914ஆம் சேர்மத்தை வெளியிட்டார். ஆயினும் பகைவர் ஓயவில்லை. பணத்துக்காக மக்களைப் பலியிடுகிறார் என்று பத்திரிகையில் எழுதினார்கள். 1914இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. அவதூறு பரப்பியவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் எர்லிக்கின் உடலும் மனமும் தளர்ந்திருந்தன. முதல் உலகப் போர் மூண்டிருந்த காலத்தில், 1915 ஆகஸ்டு 20ஆம் நாள், தம் 61ஆம் வயதில் அவர் காலமானார்.

துன்பம் அத்தோடு முடியவில்லை. ஹிட்லரின் ஆட்சியில், அவர் யூதர் என்ற ஒரே காரணத்துக்காக, அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டார்கள். முதுமையடைந்த அவர் மனைவி நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. போருக்குப் பின்னர் அவர் பெயர் மீண்டும் போற்றப்பட்டது. 1947இல் அவருடைய பழைய நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஜெர்மனியின் 200 மார்க் நோட்டிலும் அவர் உருவம் இடம்பெற்றது.

இரு வழிகளும் சேர்ந்த இடம்

எர்லிக் தனித்தனியே நடந்த இரு வழிகளும் இன்று மார்பகப் புற்றுநோய் மருத்துவத்தில் ஒன்று சேர்ந்துள்ளன. மார்பகப் புற்றுநோய் உற்றவர்களுள் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு, புற்றுச் செல்லின் மேல் ஹெர்-2 என்னும் புரதம் அளவுக்கு மீறி இருக்கும். அதைப் பற்றும் டிராஸ்டுசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து 1998இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அது புற்றுச் செல்லை வளரச் சொல்லும் கட்டளையைத் தடுக்கிறது; காவல் செல்களுக்கு அதை அடையாளமும் காட்டுகிறது. எர்லிக் சொன்ன கையும் பூட்டும் சாவியும் இதுவே அன்றோ?

மற்றொன்று மாத்திரை. மாதவிலக்கு நின்ற பெண்களின் உடலில், அரோமட்டேஸ் என்னும் நொதியால் ஈஸ்ட்ரோஜென் என்னும் இயக்குநீர் தொடர்ந்து சிறிது உண்டாகிறது. பல மார்பகப் புற்றுகளுக்கு அதுவே தீனி. அந்த நொதியின் மேல் போய் அமர்ந்து அதை வேலை செய்யாமல் தடுப்பது அம்மாத்திரையின் பணி. பெரியம்மாவின் கட்டியில் ஹெர்-2 புரதமும் மிகுந்திருந்தது. ஈஸ்ட்ரோஜெனும் அதை வளர்த்தது. ஆகவே இரண்டு மருந்தும் தேவைப்பட்டன. நோய் வரும் வாய்ப்பு மிகுந்த, மாதவிலக்கு நின்ற 3,864 பெண்களிடம் அனஸ்ட்ரசோல் என்னும் இவ்வகை மாத்திரையைச் சோதித்ததில், அதை உண்டவர்களுக்கு மார்பகப் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2013இல் அறிவித்தார்கள். ஆக, இது நோயைத் தடுக்கவும் உதவுகிறது.

இரண்டைச் சேர்த்துவிட்டால் எப்போதும் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. ஹெர்-2 புரதத்தின் உட்பகுதி ஒரு நொதியாகவே வேலை செய்கிறது. அதை முடக்கும் லப்பாட்டினிப் என்னும் மாத்திரையை, எதிர்ப்பொருளோடும் கீமோதெரபியோடும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவுப்படி, அறுவை சிகிச்சையின்போது கட்டி மறைந்திருந்தவர்கள் நூற்றுக்கு 51 பேர். மாத்திரை இல்லாமல் எதிர்ப்பொருளும் கீமோதெரபியும் மட்டும் பெற்றவர்களிடையே அது 30 பேர்தான். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் 8,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய சோதனையில், நோய் திரும்ப வருவதைத் தடுப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை, பின்விளைவுகளே கூடின. எர்லிக்கின் சுண்டெலிகள் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஆய்வாளர்கள் விடவில்லை. 2020இல் டுகாட்டினிப் என்னும் வேறொரு நொதித்தடை மாத்திரை வந்தது. எதிர்ப்பொருளோடும் ஒரு கீமோதெரபி மருந்தோடும் அதைச் சேர்த்துப் பெற்ற, நோய் முற்றிய பெண்களுள் நூற்றுக்கு 45 பேர் இரண்டாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். அது சேராதவர்களுள் 27 பேரே இருந்தனர்.

நாம் கற்க வேண்டியது

தோழியரே! ஒதுக்கி வைத்த 606ஐ மீண்டும் எடுத்துப் பார்த்ததால் ஒரு மருந்து கிடைத்தது. எர்லிக் தோற்ற புற்றுநோய் ஆய்வைப் பிறர் மீண்டும் எடுத்துப் பார்த்ததால் இன்று என் பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு நம்பிக்கை கிடைத்திருக்கிறது. உண்மையாக உழைத்தவரின் தோல்வியும் வீண்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரியம்மா தம் மார்பில் சிறு கட்டி இருப்பதை முன்பே அறிந்திருந்தார். அக்காவின் திருமணம் முடியட்டும் என்றும், இதை எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தாலும், ஐந்து மாதம் எவரிடமும் சொல்லவில்லை. அதற்குள் கட்டி வளர்ந்துவிட்டது. எர்லிக் தமக்கு இருமல் வந்ததும் தம் சளியைத் தாமே சோதித்துப் பார்த்தார். உண்மையைக் கண்டு அஞ்சவில்லை. அந்தத் துணிவு நம் வீட்டுப் பெண்களுக்கும் வேண்டும். இதழைப் படித்து முடித்ததும் நம் அம்மாவிடமும் அத்தையிடமும் பாட்டியிடமும் இதைச் சொல்வோம். கட்டியோ மாற்றமோ தெரிந்தால் அன்றே வாய் திறந்து சொல்லுங்கள், மருத்துவரிடம் போகலாம் என்று கேட்டுக்கொள்வோம்.

பெரியம்மாவுக்கு இன்னும் ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும். மாத்திரையை ஐந்தாண்டு விழுங்க வேண்டும். தினமும் காலையில் அதை எடுத்துக் கொடுப்பது இப்போது என் வேலை. அந்தச் சின்னஞ்சிறு மாத்திரையை உள்ளங்கையில் வைக்கும்போதெல்லாம், சாயம் படிந்த இரண்டு கைகள் அதைத் தருவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி